ஒரே பெட்டிக்குச் சொந்தமான கேம்: அந்த மதிப்பு எங்கே போனது?

பொத்தான் | சனி, இரவு 9:40

2008இல் முதல் வேலையில் சேர்ந்து நான்கு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் பெட்டியை (கன்சோல்) வாங்கினேன். காரணம் ஒன்றே ஒன்றுதான்: கியர்ஸ் ஆஃப் வார். அந்தக் கேம் சோனியின் பிளேஸ்டேஷனில் கிடையாது, வரவும் வராது என்று எல்லோருக்கும் தெரியும். நானும் தம்பியும் ஒரே டிவியில் திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு மழைக்கால விடுமுறை முழுவதும் அதையே ஆடினோம். துப்பாக்கியில் குண்டு மாற்றும்போது மேலே ஒரு பட்டையில் சிறு கோடு ஓடும். அது வெள்ளைப் பகுதியைத் தொடும் கணத்தில் மறுபடியும் பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி உடனே தயாராகிவிடும். பிசகினால் அடைத்துக்கொள்ளும். என் தம்பிக்கு அந்தக் கணம் பத்துக்கு ஒன்பது முறை கைவந்துவிடும். எனக்கு வராது.

2025 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதே கியர்ஸ், 'ரீலோடட்' என்ற புதுப் பதிப்பாகப் பிளேஸ்டேஷன் 5இல் வந்தது. அதே நாளில் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸில் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டு வரிகளை யாராவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கவே மாட்டேன். அக்டோபரில், முதல் ஹேலோவைப் புதிதாக உருவாக்கி 2026இல் பிளேஸ்டேஷன் 5இலும் வெளியிடப்போவதாக அறிவித்தார்கள். 2001இல் எக்ஸ்பாக்ஸ் என்ற பெட்டி கடைக்கு வந்தபோது அதை வாங்கவைத்த கேமே ஹேலோதான்.

இதையெல்லாம் பார்த்து நான் வருந்தவில்லை. ஒன்றைப் புரிந்துகொள்ள முயல்கிறேன். ஒரு காலத்தில் கடை வாசலில் நிற்பவனை 'இந்தப் பெட்டியா, அந்தப் பெட்டியா' என்று தீர்மானிக்கவைத்தது எக்ஸ்க்ளூசிவ் கேம், அதாவது ஒரே பெட்டியில் மட்டும் கிடைக்கும் கேம். இன்று என்னைத் தீர்மானிக்கவைப்பது அதுவல்ல. என் பிளேஸ்டேஷன் கணக்கில் பிஎஸ்4 காலத்திலிருந்து வாங்கிய 140 சொச்சம் கேம்கள் இருக்கின்றன. எல்லாம் டிஜிட்டல், ஒன்றைக்கூட விற்க முடியாது. நாளை எதிர்ப்பக்கம் எவ்வளவு பெரிய எக்ஸ்க்ளூசிவ் வந்தாலும் இந்த நூலகத்தை விட்டுவிட்டு நான் போகமாட்டேன். ஆக, வாடிக்கையாளரைக் கட்டிவைக்கும் வேலையைக் கேமிடமிருந்து நூலகம் பறித்துக்கொண்டது என்பது என் கருத்து. கட்டும் வேலை கைவிட்டுப் போன பிறகு எக்ஸ்க்ளூசிவுக்கு மிஞ்சுவது என்ன? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

வைகைக்கரை | சனி, இரவு 10:25

நூலகம் ஒரு காரணம்தான். ஆனால் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கிறீர்கள் பொத்தான். விற்கிறவன் பக்கம் வந்து கணக்கைப் பாருங்கள்.

2023 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையம் மைக்ரோசாப்ட் மீது தொடுத்த வழக்கில் சோனியின் ஆவணம் ஒன்று தாக்கலானது. ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். ஆவணத்தை ஸ்கேன் செய்தபோது அந்தக் கறுப்பு மையின் கீழே இருந்த எண்கள் தெரிந்துவிட்டன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலர். இது உருவாக்கும் செலவு. விளம்பரம் தனி.

இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு ஒரே பெட்டியில் மட்டும் விற்பேன் என்றால், அந்தப் பெட்டி வைத்திருப்பவர்களில் மிகப் பெரிய பங்கினர் முழு விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். பிஎஸ்4 11.7 கோடி விற்றது. சோனியின் பெட்டிகளுக்கு உச்சமே ஏறக்குறைய அதுதான். அவற்றில் பிஎஸ்2 ஒன்றுதான் அதைத் தாண்டி 16 கோடியைத் தொட்டது. அதாவது இருபது ஆண்டுகளில் கேமின் செலவு பல மடங்கு ஏறிவிட்டது, வாங்கும் வீடுகளின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. நெல் விலை நின்ற இடத்திலேயே நிற்க, உர விலை பத்து மடங்கு ஆனால் விவசாயி என்ன செய்வாரோ அதைத்தான் இவர்களும் செய்கிறார்கள். வேறு சந்தை தேடுகிறார்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 16ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் பிஎஸ்5க்கு மட்டும் வந்து முதல் வாரத்தில் 30 லட்சம் போனது. கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு மே மாதமே அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம், இனிமேல் பெரிய கேம்களை எல்லாத் தளங்களுக்கும் தீவிரமாகக் கொண்டுபோவோம் என்று அறிவித்தது. 2024 செப்டம்பரில் அந்தக் கேம் பிசிக்கு வந்தது, 2025 ஜூனில் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக பிளேஸ்டேஷனோடு ஒட்டி வாழ்ந்த தொடர் இது. பிளேஸ்டேஷன் ஸ்டூடியோக்களின் முன்னாள் தலைவர் ஷான் லேடனும் 2024இல் இதைத்தான் சொன்னார். செலவு 20 கோடி டாலரைத் தாண்டும்போது எக்ஸ்க்ளூசிவ் என்பதே பலவீனமாகிவிடுகிறது என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர் சொல்வதால் அந்த வார்த்தைக்கு எடை அதிகம்.

பழையசேமிப்பு | சனி, இரவு 11:50

இருவரும் இன்றைய கதையைச் சொல்கிறீர்கள். எனக்கு 46 வயது. ஆரம்பத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

எக்ஸ்க்ளூசிவ் என்பது முதலில் ஒப்பந்தமாக இருக்கவில்லை, இயந்திரத்தின் உடம்பிலேயே இருந்தது. ஃபைனல் ஃபேன்டஸியின் முதல் ஆறு பாகங்களும் நிண்டெண்டோவில் வந்தவை. ஏழாம் பாகம் 1997இல் பிளேஸ்டேஷனுக்குப் போனது. ஏன் போனது? நிண்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டது. அதன் உச்சக் கொள்ளளவு 64 எம்பி. ஒரு சிடியில் ஏறக்குறைய 650 எம்பி பிடிக்கும். ஏழாம் பாகம் மூன்று சிடிகளில் வந்தது. இரண்டாவது சிடியைப் போடச் சொல்லித் திரையில் எழுத்து வரும்போது எழுந்து போய், மூடியைத் திறந்து, விரல் ரேகை படாமல் விளிம்பைப் பிடித்து மாற்றியது இன்றும் என் கையில் இருக்கிறது. அந்தக் கதையை அந்த உருவில் நிண்டெண்டோ 64இல் சொல்லவே முடியாது. அது உண்மையான எக்ஸ்க்ளூசிவ்.

பிஎஸ்3 வரை இந்த வேற்றுமை நீடித்தது. சோனி, டோஷிபா, ஐபிஎம் மூவரும் சேர்ந்து அதற்குச் செய்த 'செல்' என்ற சில்லுக்கு நிரல் எழுதுவது தனி வித்தை. எக்ஸ்பாக்ஸ் 360இன் சில்லு வேறு ஜாதி. 2013இல் எல்லாம் மாறியது. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுமே ஏஎம்டி நிறுவனம் செய்த, பிசி வழிவந்த சில்லுகளில் ஓடின. இன்றைய பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் அதே ஏஎம்டி குடும்பத்தின் ஒரே தலைமுறைப் பிள்ளைகள். ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் அநேகமாக எதுவும் இல்லை. காகிதத்தில் போட்ட கையெழுத்து மட்டுமே தடுக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்துவிட்டது. 'இந்தப் பெட்டியால்தான் இது முடியும்' என்ற வியப்பு ஒரு காலத்தில் எக்ஸ்க்ளூசிவுக்குப் பெருமை சேர்த்தது. 'இதை இங்கே வரவிடாமல் தடுத்து வைத்திருக்கிறார்கள்' என்ற எரிச்சல் இன்று அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர் 2015இல் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் வந்து, ஏறக்குறைய ஓராண்டு கழித்து பிஎஸ்4க்கு வந்தது நினைவிருக்கிறதா? அந்த ஓராண்டில் எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது. காத்திருந்தவர்களைத்தான் தெரியும்.

இன்னொன்று. செகா 2001 ஜனவரியில் ட்ரீம்காஸ்டை நிறுத்துவதாக அறிவித்தது. ஓராண்டு முடிவதற்குள் சோனிக் நிண்டெண்டோ கேம்கியூபில் ஓடிக்கொண்டிருந்தது. மரியோவின் வீட்டில் சோனிக்! அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் உண்மையாகவே அழுதான். இன்று கியர்ஸ் பிளேஸ்டேஷனுக்குப் போகும்போது யாரும் அழவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுதான் இந்த இழையின் கேள்விக்குப் பாதி விடை.

செவ்வந்தி | ஞாயிறு, காலை 7:15

மூவரும் எழுதியதில் நிண்டெண்டோ வரவே இல்லை. பழைய கதைக்கு மட்டும் வந்து போகிறது.

அவர்களுடைய ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டி விற்றிருக்கிறது. ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வெளியாகி நான்கே நாளில் 35 லட்சம் போனது. கூடவே வந்த பெரிய கேம் மரியோ கார்ட் வேர்ல்டு. அது வேறு எங்கும் கிடையாது, பிசியில்கூட இல்லை. எக்ஸ்க்ளூசிவ் செத்துவிட்டது என்றால் இதற்கு என்ன பெயர்?

ஆனால் நிண்டெண்டோவை வைத்து எதிர்வாதம் செய்கிறவர்கள் அவசரப்பட்டுவிடுகிறார்கள் என்பதையும் நானே சொல்கிறேன். மரியோ கார்ட் 8 முதலில் 2014இல் நிண்டெண்டோவின் முந்தைய பெட்டியான வீ யூவில் வந்தது. அருமையான கேம். வீ யூ மொத்தமாகவே 1 கோடியே 36 லட்சம்தான் விற்றது, நிண்டெண்டோவின் பெரும் தோல்விகளில் ஒன்று. அதே கேம், சில சேர்க்கைகளோடு, 2017இல் ஸ்விட்சில் வந்து 6 கோடிக்கும் மேல் விற்றது. அதே ஓட்டப்பாதைகள், அதே வாழைப்பழத் தோல், அதே நீல ஓடு. மாறியது பெட்டி மட்டுமே. ஆக, தப்பான பெட்டியை நல்ல கேம் காப்பாற்றாது. எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம், வீட்டுக்கு வந்து டிவியில் மாட்டலாம் என்ற அந்த ஒரு யோசனை முதலில் ஆளை இழுத்தது. கேம்கள் அவர்களை நிறுத்திவைத்தன.

நிண்டெண்டோவுக்கு இது இன்னும் பலிப்பதற்குக் காரணம், வைகைக்கரை சொன்ன கணக்குக்குள் அவர்கள் நுழையவே இல்லை என்பது. முகத்தின் ஒவ்வொரு ரோமத்தையும் வரையும் போட்டியில் அவர்கள் இல்லை. விலையையும் எளிதில் இறக்குவதில்லை. எட்டு ஆண்டு ஆன கேம்கூட ஏறக்குறைய அதே விலையில் நிற்கிறது. எக்ஸ்க்ளூசிவின் மதிப்பு குறைந்தது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பெருஞ்செலவு எக்ஸ்க்ளூசிவின் மதிப்பு குறைந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இரவுநேரம் | ஞாயிறு, காலை 10:05

எல்லோரும் விற்பனையையே அளக்கிறீர்கள். எக்ஸ்க்ளூசிவ் என்ற ஏற்பாடு பெட்டியை விற்க மட்டுமா பயன்பட்டது? வேறு யாரும் பணம் போடாத கேம்களைப் பிறக்கவைத்ததும் அதுதான். அந்த மதிப்பை யார் கணக்கில் எழுதுவது?

பயோனெட்டாவின் முதல் பாகம் பிஎஸ்3, 360 இரண்டிலும் வந்தது. இரண்டாம் பாகத்துக்கு நிண்டெண்டோ பணம் போட்டது. 2014இல் வீ யூவில் மட்டும் வந்தது. 'எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்' என்று அன்று கொதித்தவர்களில் நானும் ஒருவன். யோசித்தபோது வெட்கமாகிவிட்டது. பறிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. அந்தப் பணம் இல்லையென்றால் கேமே இல்லை. வடிவமைப்பாளர் ஃபுமிட்டோ உவேடாவின் ஈகோ (2001), ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் (2005) இரண்டும் அப்படித்தான். ஆளரவமற்ற நிலத்தில் குதிரையில் போய்ப் பதினாறு பேருருக்களை மட்டும் எதிர்கொள்ளும் கேமை, எல்லாத் தளத்திலும் எத்தனை விற்கும் என்று கேட்கும் கூட்டத்தில் யார் அனுமதிப்பார்கள்? தன் பெட்டிக்குப் பேர் வர வேண்டும் என்று நினைத்த ஒரு நிறுவனம் அனுமதித்தது. அரசர்கள் புலவர்களை வைத்திருந்தது போல. புகழ் அரசருக்கு, பாட்டு நமக்கு.

இயந்திரத்தை அறிந்து செய்யும் வேலையும் ஒன்று இருக்கிறது. பிஎஸ்5 வாங்கியதும் அதிலேயே இருக்கும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை ஆடிப் பாருங்கள். மணலில் நடந்தால் கையில் மணல் நறநறக்கிறது. கண்ணாடியில் நடந்தால் அதிர்வு மெலிந்து கூர்மையாகிறது. மழை பெய்தால் துளிகள் தனித்தனியாக உள்ளங்கையில் விழுகின்றன. என் அம்மாவுக்கு 68 வயது, கேம் எதுவும் ஆடியதில்லை. கையில் கொடுத்தேன். பொத்தான் எதையும் தொடாமல் அந்த மழையில் ஐந்து நிமிடம் அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஐந்து தளங்களுக்கு ஒரே நேரத்தில் செய்கிற குழுவுக்கு இந்த அக்கறை வருமா? வர நேரம் இருக்குமா?

அதே குழு சுமார் 60 பேரோடு செய்த ஆஸ்ட்ரோ பாட் 2024இல் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது. பெருஞ்செலவு இல்லாத எக்ஸ்க்ளூசிவ். செவ்வந்தி சொன்னதுதான்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 10:50

இரவுநேரம், நெகிழ்ந்து படித்தேன். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த அரசவை முன்பே கலைந்துவிட்டது. ஈகோவும் கொலோசஸும் உருவான சோனியின் ஜப்பான் ஸ்டூடியோ 2021 ஏப்ரலில் பிரித்து அடுக்கப்பட்டது. ஆஸ்ட்ரோ குழு மட்டும் தனியாக நின்றது. ஆஸ்ட்ரோ பாட் முதல் இரண்டு மாதத்தில் 15 லட்சம் விற்றது. அது நல்ல எண்தான். ஆனால் அதே 2024இல் ஹெல்டைவர்ஸ் 2, பிஎஸ்5இலும் பிசியிலும் ஒரே நாளில் வந்து பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி விற்றது. மேலிடத்தில் இருப்பவர் எதைப் பார்த்து அடுத்த முடிவை எடுப்பார்?

அதோடு, புலவர்களுக்குப் போக வேண்டிய பணம் எங்கே போனது என்பதையும் பார்த்தோம். சோனியின் இணையவழிச் சுடும் கேமான கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23இல் வெளியாகி செப்டம்பர் 6இல் மூடப்பட்டது. பல ஆண்டு உழைப்பு இரண்டு வாரத்தில் முடிந்தது. அதுவும் கன்சோல்களில் பிஎஸ்5க்கு மட்டும் வந்த கேம்தான். ஆள் கூட்டம் தேவைப்படும் கேமை ஒரு வேலிக்குள் வைத்தால் கூட்டம் எங்கிருந்து வரும்?

ஸ்கார்பரோவாசி | ஞாயிறு, பிற்பகல் 1:30

கூட்டம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் ஆடுவது ஃபோர்ட்நைட், ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட். மூன்றும் அநேகமாக எங்கும் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் யார் எந்தப் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சே அவர்களிடம் இல்லை. 2018 செப்டம்பரில் சோனி ஃபோர்ட்நைட்டில் பிற பெட்டிக்காரர்களோடு சேர்ந்து ஆட அனுமதித்தது. அதுவரை அடம்பிடித்தது. அந்த அனுமதியைத்தான் நான் பெரிய திருப்பமாக நினைக்கிறேன். நண்பன் எந்தப் பெட்டியில் இருக்கிறானோ அதையே வாங்கு என்ற நிர்ப்பந்தம் அன்றைக்குத் தளர்ந்தது.

மைக்ரோசாப்ட் 2020இல் கேம் நிறுவனமான பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பிறகு 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கியது, 2023 அக்டோபரில் அது முடிந்தது. கேம் உலகம் அதுவரை பார்க்காத தொகை. வாங்கி என்ன நடந்தது? கால் ஆஃப் டியூட்டியை எக்ஸ்பாக்ஸுக்குள் பூட்டிவிடுவார்களோ என்று கட்டுப்பாட்டு அமைப்புகள் தடுத்து நிறுத்திக் கேட்டன. நிண்டெண்டோவுக்கும் சோனிக்கும் பத்து ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துத்தான் காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது. வரலாற்றிலேயே அதிக விலைக்கு வாங்கிய கேம் எக்ஸ்க்ளூசிவாக முடியாத கேமாகப் போனது. அதைப் பூட்டினால் அதன் மதிப்பே போய்விடும் என்பதும் உண்மை. எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதுதான் அதன் சொத்து.

2023 மே மாதம், அப்போது எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் ஒரு பேட்டியில் இதை வெளிப்படையாகவே பேசினார். எக்ஸ்பாக்ஸ் ஒன் தலைமுறையில் தோற்றதுதான் தோற்றதிலேயே மோசமான தோல்வி, ஏனென்றால் அப்போதுதான் எல்லோரும் டிஜிட்டல் நூலகம் சேர்த்தார்கள் என்றார். மிகச் சிறந்த கேம்களைக் கொடுத்தாலே மக்கள் தங்கள் பிஎஸ்5களை விற்றுவிட்டு வருவார்கள் என்பது உண்மையல்ல என்றும் சொன்னார். பொத்தான், உங்கள் 140 கேம்களைத்தான் அவர் பேசியிருக்கிறார். அதன் பிறகு ஒன்பது மாதத்தில் நான்கு கேம்களை வெளியே அனுப்புவதாக அறிவித்தார்கள்: பென்டிமென்ட், ஹை-ஃபை ரஷ், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ். 2025 ஏப்ரலில் ஃபோர்சா ஹொரைசன் 5 பிஎஸ்5க்கு வந்தது. மே மாதம் டூம் தி டார்க் ஏஜஸ் முதல் நாளிலேயே இரண்டு பக்கமும் வந்தது.

எனக்குக் கவலை அந்தப் பெட்டியைப் பற்றித்தான். அதில் மட்டும் கிடைப்பது எதுவும் இல்லை என்றால், வாங்குவதற்குக் காரணம் என்ன? இதற்கு எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

முதலாமாண்டு | ஞாயிறு, பிற்பகல் 3:10

பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோவையில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு எக்ஸ்க்ளூசிவ் என்பது நினைவு. எனக்கு அது பூட்டிய கதவு. இங்கே 2025இல் பிஎஸ்5 விலை 54,990 ரூபாயாக இருந்தது. புதுக் கேம் ஒன்று 4,999 ரூபாயாக இருந்தது. என் வீட்டில் ஒரு பெட்டி வாங்குவதே தீபாவளி, பொங்கல் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டிய விஷயம். இரண்டு பெட்டி என்ற பேச்சே கிடையாது. பள்ளிக்கூடப் படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில்தான் நான் காட் ஆஃப் வார் ஆடினேன். 2018இல் பிஎஸ்4க்கு வந்தது, 2022 ஜனவரியில் பிசிக்கு வந்தது. எல்லா அமைப்பையும் கடைசிக்கு இறக்கிவைத்து, விசிறி இரைச்சல் வெளியே கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். தந்தையும் மகனும் அந்த மலை உச்சியில் சாம்பலைக் காற்றில் விடும் இடம் வந்தபோது, இந்தக் கதையை நான்கு ஆண்டுகள் எனக்குத் தராமல் வைத்திருந்தார்களே என்று இருந்தது.

இரவுநேரம் அண்ணா, நீங்கள் சொல்லும் புலவர் உவமை அழகாக இருக்கிறது. ஆனால் அரண்மனைக்குள் பாடியதை வெளியே நின்றவன் எப்படிக் கேட்பான்?

பனைநிழல் | ஞாயிறு, பிற்பகல் 3:55

தம்பி முதலாமாண்டு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவை இலங்கையில் அதிகாரபூர்வமாக இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2ஐ பிசியில் ஆடுகிறவர்களும் அந்தக் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று அறிவித்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்து ஒரு சில நாள்களில் கைவிட்டார்கள். ஆனால் அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில் ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் அந்தக் கேம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதே மாதம் வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுக்கும் அதே கதை.

பெட்டி என்ற வேலியை எடுத்துவிட்டு, நாடு என்ற வேலியை நட்டார்கள். எக்ஸ்க்ளூசிவின் மதிப்பு குறைந்ததைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். கணக்கு, சந்தா, கடை என்று பூட்டு வேறு வடிவம் எடுக்கிறது. பொத்தான் அண்ணாவின் நூலகமும் அப்படி ஒரு பூட்டுத்தானே?

பழையசேமிப்பு | ஞாயிறு, மாலை 5:20

பனைநிழல் சரியான இடத்தில் தொட்டிருக்கிறார். 1997இல் நான் வாங்கிய மூன்று சிடிகள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. எந்தக் கணக்கும் கேட்பதில்லை.

இரவுநேரத்துக்கு ஒரு வார்த்தை. புலவர்களுக்கு இன்று வேறு புரவலர்களும் கிடைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பரில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கிய கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33ஐப் பாருங்கள். பிரான்ஸில் முப்பது பேர் அளவிலான சிறு குழு மையமாக நின்று செய்த கேம். முறை வைத்து அடிக்கும் பழைய ஜப்பானியப் பாணிச் சண்டை. ஏப்ரலில் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றிலும் ஒரே நாளில் வந்தது. எந்தப் பெட்டிக்காரரும் தன் அரசவைக்கென்று இழுத்து வைத்துக்கொள்ளவில்லை. 2023இல் பால்டர்ஸ் கேட் 3ஐ அதைச் செய்த லாரியன் ஸ்டூடியோ தன் சொந்தப் பொறுப்பிலேயே வெளியிட்டது. வித்தியாசமான கேம் பிறக்க எக்ஸ்க்ளூசிவ் ஒன்றே வழி என்ற காலம் போய்விட்டது என்று நான் நம்புகிறேன்.

இரவுநேரம் | ஞாயிறு, மாலை 6:00

ஒப்புக்கொள்கிறேன், பாதி. எக்ஸ்பெடிஷன் 33 என் மனதைப் பிழிந்த கேம். ஆனால் அது கதையாலும் இசையாலும் நிற்கிறது. அவை எந்தப் பெட்டியிலும் கேட்கும். என் அம்மா நின்ற மழை அப்படி அல்ல. அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்தவர்களும் கேமைச் செய்தவர்களும் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தால்தான் அது வரும். அது குறைந்துகொண்டே வருகிறது என்ற என் வருத்தத்துக்கு இந்த இழையில் யாரும் மருந்து சொல்லவில்லை.

முதலாமாண்டு தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. நான்கு ஆண்டு தாமதம் நியாயமில்லை. பிளட்போர்ன் 2015இல் வந்தது, பத்து ஆண்டாகியும் பிஎஸ்4 பதிப்பைத் தவிர வேறு கிடையாது, இன்றும் நொடிக்கு 30 பிரேம்தான். அந்தக் கேமை நேசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பூட்டால் யாருக்கும் லாபமில்லை. பெட்டியின் தனித்தன்மையால் பிறந்த கேம் தன் பெட்டியில் இருக்கட்டும். கையெழுத்தால் மட்டும் அடைபட்டிருப்பது வெளியே வரட்டும்.

முதலாமாண்டு | ஞாயிறு, மாலை 6:40

அப்படியானால் நான் என்ன வாங்கட்டும்? கோடை விடுமுறையில் வேலைக்குப் போய் 30,000 வரை சேர்த்துவிடுவேன். பழையது என்றாலும் சரி.

செவ்வந்தி | ஞாயிறு, மாலை 7:05

இதே கேள்வியைப் பத்து ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால், எந்த எக்ஸ்க்ளூசிவ் வேண்டும் என்று திருப்பிக் கேட்டிருப்பேன். இப்போது கேட்பது வேறு: உன் நண்பர்கள் எங்கே ஆடுகிறார்கள்? ஏற்கெனவே எந்தக் கணக்கில் கேம் வாங்கி வைத்திருக்கிறாய்? ஸ்டீமில் வைத்திருந்தால் அவசரப்படாமல் மடிக்கணினிக்குப் பதில் நல்ல பிசிக்குச் சேர்த்துவை. சோனியின் கதைக் கேம்கள் பல தாமதமாகவாவது அங்கே வந்திருக்கின்றன. வீட்டில் தங்கை, தம்பி இருந்து எல்லோரும் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் மட்டும் பழைய ஸ்விட்ச் ஒன்றைப் பார். வாங்கும் முன், இருபக்கமும் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளான இரண்டு ஜாய்கானையும் கழற்றி மாட்டிப் பார்த்து, குச்சியைத் தொடாமலேயே பாத்திரம் தானாக நகர்கிறதா என்று சோதித்துக்கொள்.

முதலாமாண்டு | ஞாயிறு, மாலை 7:12

ஸ்டீமில் 23 கேம் இருக்கிறது அக்கா. புரிந்துவிட்டது. நன்றி.

பொத்தான் | ஞாயிறு, இரவு 11:30

நாள் முழுவதும் வெளியே இருந்தேன், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். நூலகம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். வைகைக்கரையின் கணக்கும், பழையசேமிப்பின் சில்லுக் கதையும் அதற்கு முன்னால் வரவேண்டியவை. ஒரே மாதிரிச் சில்லு வந்ததால் வேலி காகிதமானது. செலவு ஏறியதால் அந்தக் காகிதத்தின் விலை கட்டுப்படியாகவில்லை. இரண்டும் நடந்த பிறகுதான் நூலகம் வந்து ஆளைப் பிடித்துவைத்தது. பனைநிழல் சொன்ன பூட்டு என் கையிலேயே இருக்கிறது என்பதையும் மறுக்கமாட்டேன். இனி வட்டு கிடைக்கும் கேமை வட்டாகவே வாங்குவது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

இன்று வெளியே இருந்தது தம்பி வீட்டில். அவன் பிஎஸ்5இல் கியர்ஸ் ரீலோடட் ஏற்றிவைத்திருந்தான். 17 ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை ஆடினோம். படம் நன்றாகத் துலக்கப்பட்டிருக்கிறது. சுவர்களின் சிதிலம், தூசி எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'இது எக்ஸ்பாக்ஸ் கேம், ஒரு காலத்தில் இதற்காகவே உன் பெரியப்பா தனிப் பெட்டி வாங்கினார்' என்று தம்பி விளக்கினான். எதற்காக அப்படி என்று அவள் கேட்டாள். இரண்டு பேருக்கும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

முதல் சண்டையில் குண்டு தீர்ந்தது. பட்டையில் கோடு ஓடியது. தம்பியின் ஆள்காட்டி விரல், வேறு நிறுவனத்தின் கருவியில், ஆர்1 பொத்தானைச் சரியாக வெள்ளைப் பகுதியில் அழுத்தியது. எனக்கு அடைத்துக்கொண்டது.